கொஞ்சம் கடுமை

தவநேசன் கையை நீட்டியபடி நின்றான். உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, சின்னப் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல மெல்ல மேலும் கீழும் ஆட்டவேண்டும். ஊரில், பரந்தனிலும் கொடிகாமத்திலும் லொறி மறிக்க அதுதான் வழி, அவனுக்குத் தெரிந்த ஒரே வழியும் அதுதான். பாரிஸ் நகரம் முடிந்து கிழக்கே போகிற நெடுஞ்சாலை தொடங்கும் வளைவு இது. வந்த கார்களெல்லாம் அவனுடைய கையைக் கண்டதும் நல்ல பிள்ளைகளாக வேகத்தைக் குறைத்தன, அவனை ஒரு பார்வை பார்த்தன, பிறகு தம்பாட்டில் போயின. ஒருவன் விளக்கைச் சிமிட்டி நன்றி வேறு சொன்னான். கனநேரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது: முன்னால் பொலிஸ் நிற்கிறது, பார்த்துப் போங்கள் என்று இவன் சமிக்ஞை காட்டுவதாக நினைக்கிறார்கள். காலையிலிருந்து ஒரு மனிதன் இந்த நாட்டுச் சாரதிகளுக்கு இலவசமாகப் புத்தி சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறான். கட்டைவிரலைக் காட்டவேண்டும் என்பது தெரியாமலில்லை. நாற்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாதவனுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மற்றக் கையில் வேலை செய்கிற உணவகத்துக் குசினியிலிருந்து கொண்டுவந்த தக்காளிப் பெட்டி மட்டை. அதில் ஸ்ட்ராஸ்பூர்க் என்று பெரிய எழுத்தில் தொடங்கி, இடம் போதாமல் கடைசி எழுத்துகளை நெருக்கி எழுதியிருந்தான். ரயில்கள் வேலைநிறுத்தத்தில் நின்றுவிட்டன. பேருந்துகளில் இடமில்லை. அண்ணன் குலநேசன் ஸ்ட்ராஸ்பூர்க்கில். கவலையாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். இல்லை. கால் மட்டும் மரத்துப்போயிருந்தது, அதுவும் குளிரால். மூக்கு ஒழுகியது, துடைத்தான். ஒரு லொறி போன காற்றில் மட்டை முகத்தில் அடித்தது, அதுவும் நோகவில்லை.

நேற்றுப் பின்னேரம் அண்ணி போன் எடுத்த நேரத்தில் அவன் குசினியில் கரட் சீவிக்கொண்டிருந்தான். ‘தம்பி, சாப்பிட்டீங்களோ?’ என்றுதான் தொடங்கினா. ஓம் என்றான். ‘அண்ணாவுக்குக் கொஞ்சம் கடுமை. ஆஸ்பத்திரியிலை. ஏலுமெண்டா வெளிக்கிட்டு வாங்கோ.’ என்ன செய்யுது என்று கேட்டான். ‘வாங்கோவன், கதைப்பம்.’ அவ்வளவுதான். அண்ணி அழவில்லை. பின்னால் யாரோ கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது, பல பேர் மெதுவாகக் கதைக்கிற சத்தம் கேட்டது, பிறகு போன் நின்றது. தவநேசன் மிச்சக் கரட்டையும் சீவி முடித்தான். கொஞ்சம் கடுமை என்றால் என்ன என்று இவர்களுக்குள் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தூரத்திலிருந்து வரவேண்டிய ஆளுக்குச் சாவை நேரே சொல்வதில்லை. வழியில் விழுந்து தொலைக்கக் கூடாது, பத்திரமாக வந்து சேரட்டும், வாசலில் குவிந்து கிடக்கிற செருப்புகளைக் கண்டு தானே அறிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்பா செத்தபோதும் அப்படித்தான், இவனிடம் விசா இல்லை, வரவே மாட்டான் என்று தெரிந்தும், எரித்து முடித்த பிறகும் ஒரு கிழமை அப்பாவுக்குக் கடுமையாகவே இருந்தது. இவனும் லேசுப்பட்டவனில்லை. அறைத்தோழன் சபாநாதனின் தாய் செத்த செய்தி முதலில் இவனிடம்தான் வந்தது. சாப்பிடட்டும், பிறகு சொல்லுவம் என்று அறையில் முடிவெடுத்தார்கள். சபாநாதனுக்கு அன்றைக்குப் பார்த்து நல்ல பசி. சொதி இன்னும் கொஞ்சம் கிடக்கோ என்று கேட்டான், தவநேசன்தான் ஊற்றினான், ஊற்றிவிட்டு அவன் சோற்றைக் குழைக்கிற விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்ததும், அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமையாம் என்றான். சபாநாதன் இவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, எப்ப முடிஞ்சது என்று கேட்டான். ஆகவே சாப்பிட்டீங்களோ என்று அண்ணி கேட்டதிலேயே எல்லாம் இருக்கிறது. அல்லது அண்ணி எப்போதும் அப்படித்தான் கேட்பாவா? யோசித்துப் பார்த்தான். தீபாவளிக்கு எடுத்தபோது கேட்டாவா? பிறந்தநாளுக்கு எடுத்தபோது? அண்ணியின் குரல் நினைவுக்கு வந்தது, கேள்வி வரவில்லை. இத்தனை வருஷம் போனில் கதைத்திருக்கிறான், ஒரு மனுஷி முதல் சொல்லாக என்ன சொல்லுவா என்று கவனிக்காமலே கதைத்திருக்கிறான். கேட்டிருப்பா. கேட்காமலும் இருந்திருப்பா.

கார் வைத்திருக்கிற ஆட்கள் இல்லாமலில்லை. தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் கடை வைத்திருக்கிற தெய்வேந்திரத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் வானையே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அதுதான் பிரச்சினை. சொல்லவேண்டும். அண்ணாவுக்குக் கொஞ்சம் கடுமையாம் என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும், சொன்னதும் தெய்வேந்திரத்தின் முகம் ஒரு மாதிரி ஆகும், கல்லாவை மூடிவிட்டு வெளியே வந்து தோளில் கை வைப்பார், ஒன்றும் கேட்கமாட்டார், கேட்காமலே மூன்று நாலு பேருக்குப் போன் எடுப்பார், அவர்கள் கறுப்புச் சட்டையோடு வந்து வானில் ஏறுவார்கள், வழி முழுக்க அரசியல் கதைப்பார்கள், இவனுக்கு மட்டும் தேத்தண்ணி வாங்கித் தருவார்கள். அந்த முகத்தைப் பார்க்க அவனால் முடியாது. அவனே எத்தனை பேருக்கு அந்த முகத்தைக் காட்டியிருக்கிறான். தெரியாத வெள்ளைக்காரன் என்றால் நல்லது. அண்ணனுக்குச் சுகமில்லை என்றால், சுகமில்லை என்றே எடுத்துக்கொள்வான், ஐயோ பாவம், குணமாகட்டும் என்பான். அதற்காகத்தான் இந்தக் குளிரில் நிற்கிறான் என்று சொல்லலாம், அப்படிச் சொன்னால் கொஞ்சம் பைத்தியம் போல இருக்கும், ஆனால் உண்மை அதுதான். காலையில் எழும்பி அவன் முகம் சவரம் செய்யவில்லை. சாவுத் துடக்கு வந்துவிட்டது, செய்யக் கூடாது. அறையில் மாட்டியிருக்கிற பிள்ளையார் படத்துக்கு விளக்குக் கொளுத்தவில்லை. பையில் வேட்டியை மடித்து வைத்தான். அண்ணனுக்குப் பெடியன் இல்லை, இரண்டும் பெண்கள், கொள்ளி தம்பிதான் வைக்கவேண்டும். இவ்வளவையும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், வேலைக்குப் போகிறவன் சாப்பாடு கட்டுவதுபோலச் செய்து முடித்தான். தன்னிடம் ஏதாவது பழுதோ என்றுகூட நினைத்தான். ஊரில் என்றால் விடிய செத்தால் பின்னேரத்துக்குள் எரித்துவிடுவார்கள், ஓடவேண்டும். இங்கே செத்தவருக்கு ஒரு அவசரமும் இல்லை. குளிர் அறையில் வைத்து, மண்டபத்துக்கு நாள் எடுத்து, காகிதங்கள் சரிவந்து, இரண்டு கிழமை கழித்தும் கிரியை செய்வார்கள். அண்ணன் படுத்திருப்பார். சீவிய தலையோடு, யாரோ கட்டிவிட்ட கழுத்துப் பட்டியோடு. உயிரோடு இருந்தபோது கழுத்துப் பட்டி கட்டினவரில்லை. கலியாண வீட்டுக்குப் போனாலும் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பாட்டில் உட்காருவார். அவருடைய கழுத்து பெரியது. அதை நினைத்தான், அதைத் தாண்டி முகத்துக்குப் போகவில்லை, நினைவு கழுத்திலேயே நின்றது.

சாம்பல் நிறக் கார் ஒன்று உண்மையாகவே நின்றது. நின்றது என்று நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஓட்டி வந்தது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பிரெஞ்சுக்காரி, பின் இருக்கையில் ஈரமான நாய் ஒன்று அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கண்ணாடியை இறக்கி, ‘மெட்ஸ் வரை போகிறேன், ஏறுங்கள். அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம்தான்’ என்றாள். மெட்ஸ் என்றால் பாதிக்கு மேல். தவநேசன் குனிந்து, நன்றி மதாம், நேரே போகிற வண்டி வரட்டும் என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. மெட்ஸில் இறங்கி மறுபடியும் ஒரு றோட்டுக்கரையில் நிற்கவேண்டும், அதுவா? செத்தவர் எங்கே போய்விடப் போகிறார், அதுவா? இரண்டுமாக இருக்கலாம். இன்னும் ஒன்றும் இருந்தது. இங்கே நிற்கும்வரை அண்ணனுக்குக் கொஞ்சம் கடுமை மட்டும்தான். காரில் ஏறினால் செருப்புகள் குவிந்த வாசல் கிட்ட வரத் தொடங்கிவிடும். அவள் விடவில்லை. ‘நேரே போகிற வண்டி எப்போது வரும்? அவசரம் இல்லையா உங்களுக்கு?’ என்றாள். அண்ணனுக்குச் சுகமில்லை, பார்க்கப் போகிறேன் என்றான். ‘அப்படியானால் ஏறுங்களேன்.’ அவன் ஏறவில்லை. அவள் புருவத்தைச் சுருக்கினாள். ‘என்ன சொல்கிறார்?’ யார் என்று கேட்டான். ‘உங்கள் அண்ணன்தான். பேசினீர்களா?’ இல்லை என்றான். ‘பேச முடியாத நிலையா?’ தெரியாது. ‘தெரியாதா? கேட்கவில்லையா?’ பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, நல்வாழ்த்துகள் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினாள். நாய் பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே போனது.

கேட்பதில்லை. இதை எப்படி ஒரு வெள்ளைக்காரிக்கு விளங்கப்படுத்துவது? ஆளிடம் போனைக் குடுங்கோ, கதைக்கவேணும் என்று கேட்டுவிட்டால் மறுமுனையில் இருக்கிறவர் உடைந்துவிடுவார், பிறகு ஒருவரும் ஒன்றையும் மறைக்க முடியாது, அவர் படுகிற பாடெல்லாம் வீணாகும். சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று கேட்கிறவனுக்குத் தெரியும், தெரியும் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், இரண்டு பேருமாக ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல அதை வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பார்கள். அண்ணா எப்பிடி என்று கேட்கலாம், அதற்கு இருக்கிறார் என்று ஒரு பதில் வரும், அதற்கும் ஒன்றும் அர்த்தமில்லை. சபாநாதன்கூட ஒருதரம் சொன்னான், அவனுக்குத் தெரியுமாம், சோற்றில் கை வைக்கும்போதே தெரியுமாம், அறையில் எல்லாரும் ஒரேயடியாக அன்பாக இருந்ததில் விளங்கிவிட்டதாம், ஆனால் பசித்ததாம். தவநேசனுக்கும் இப்போது பசித்தது. காலையில் வெறும் தேத்தண்ணிதான். பசிப்பதில் ஒரு குற்றமும் இல்லை என்று நினைத்தான், நினைத்த பிறகு பசி போய்விட்டது. மட்டையைக் காலடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தான். அண்ணியிடம் சொல்லிவிடலாம்: வாகனம் ஒன்றும் கிடைக்குதில்லை, ரயில் ஓடத் தொடங்கினதும் வாறன், ஒன்றுக்கும் அவசரப்படவேண்டாம், மண்டபம் எடுக்கிறதை நான் வந்து பார்க்கிறன். இல்லை, மண்டபம் என்று சொல்லக் கூடாது. நாளைக்கு வாறன் என்று மட்டும் சொன்னால் போதும், அண்ணிக்கு விளங்கும். வசனத்தை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. இலக்கத்தை அழுத்தினான், மறுமுனையில் போன் அடித்தது. அண்ணி எடுத்து, ‘தம்பி?’ என்றா. தவநேசன் வாயைத் திறந்தான். ‘அண்ணாவிட்டைக் குடுங்கோ அண்ணி’ என்று வந்தது.

சொல்லிவிட்டோமே என்று அவனுக்கு நாக்கு கூசியது. இப்போது அண்ணி உடைந்துவிடுவா, இந்தச் சத்தத்துக்குள், லொறிகளுக்குள் நின்று அதைக் கேட்கவேண்டும். சரி அண்ணி, வாறன் என்று சொல்ல ஆயத்தமாக இருந்தான். அதற்குள் மறுமுனையில் கதிரை இழுபட்டது. அண்ணியின் குரல், ஆனால் அவனிடமில்லை: ‘இஞ்சேருங்கோ. தம்பி போனிலை நிக்கிறார். மாஸ்க்கைக் கொஞ்சம் எடுத்துவிடட்டோ? மெல்லக் கதையுங்கோ.’ பிறகு மூச்சுச் சத்தம். தவநேசன் போனைக் காதோடு அமத்தினான். ஈரமான துணியை யாரோ கல்லில் இழுப்பதுபோல ஒரு மூச்சு, போய், நின்று, திரும்பி வந்தது. ‘இன்னும் வெளிக்கிடேல்லையே?’ என்றது. குரல் மெலிந்து பிய்ந்திருந்தது, ஆனால் அந்தக் கேட்கிற விதம், பள்ளிக்கூடம் போக நேரமாகிறது என்று சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்கிற விதம், அது அண்ணனைத் தவிர வேறு யாரும் இல்லை. ‘வெளிக்கிட்டிட்டன் அண்ணா.’ ‘எங்கை?’ ‘றோட்டிலை நிக்கிறன். வாகனம் மறிக்கிறன்.’ மூச்சு போய் வந்தது, போய் வந்தது. ‘கெதியா வாடா’ என்றார். அவர் அப்படிச் சொல்கிறவரில்லை. ஆறுதலா வா, அவசரப்படாதை என்பதுதான் அவருடைய சொல். பிறகு அண்ணி போனோடு எங்கோ நடந்து வந்தா, கதவொன்று சாத்தப்பட்டது. ‘இரவு முழுக்க உங்களைத்தான் கேட்டவர் தம்பி. பின்னேரம் வரைக்கும் தாங்குமோ தெரியாதெண்டு டொக்டர் சொல்லுறார். நான் நேற்றே சொன்னனான்தானே, கடுமை எண்டு. அவர் பக்கத்திலை முழிச்சுக்கொண்டு கிடக்கேக்கை வேறை என்னத்தை நான் சொல்ல?’ ‘நான் நினைச்சன்…’ என்றான். ‘என்ன நினைச்சனீங்கள்?’ அண்ணியும் அதே ஊர்க்காரிதான், அதே பொய்களைக் கேட்டு வளர்ந்தவதான். அவவுக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. ‘இல்லைத் தம்பி’ என்றா, மெதுவாக, இப்போதுதான் குரல் உடைந்தது. ‘இருக்கிறார்.’

இருக்கிறார். தவநேசன் போனைச் சட்டைப்பையில் வைத்தான், வைத்த இடம் சரியில்லை என்று எடுத்து மறுபடியும் வைத்தான். உயிரோடிருக்கிற அண்ணனுக்குத் துடக்குக் கடைப்பிடித்திருக்கிறான். உயிரோடிருக்கிற அண்ணனுக்குக் கொள்ளி வைக்க வேட்டி மடித்திருக்கிறான், கழுத்துப் பட்டி கட்டிவிட்டிருக்கிறான். அவரோ இரவு முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இரவே தெய்வேந்திரத்திடம் சொல்லியிருந்தால் விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒரு முகத்தைப் பார்க்கப் பயந்து சொல்லவில்லை. சாம்பல் நிறக் கார் இந்நேரம் வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும், அதில் அவனுக்கு இடம் இருந்தது, நாய்க்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அவள் இரண்டு தரம் ஏறச் சொன்னாள். அவனுக்குப் பயம் பிடித்தது. நேற்றிலிருந்து அது வரவேயில்லை. செத்தவரிடம் போய்ச் சேர ஒருவருக்கும் பிந்துவதில்லை. இப்போது பிந்திவிடலாம். பின்னேரம் என்றால் எந்தப் பின்னேரம்? இருட்டுகிற பின்னேரமா, டொக்டர் வீட்டுக்குப் போகிற பின்னேரமா? வளைவில் பழைய வெள்ளை வான் ஒன்று வந்தது, கூரையில் பலகைகள் கட்டியிருந்தது. தவநேசன் றோட்டுக்குள் இறங்கிவிட்டான். பிரேக் கிரீச்சிட்டது. ஓட்டி வந்த இளைஞன் தலையை வெளியே போட்டு, பைத்தியமா உனக்கு, சாகப் பார்க்கிறாயா என்று பிரெஞ்சில் கத்தினான். தவநேசன் அதற்குள் மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறி, ஸ்ட்ராஸ்பூர்க் என்றான். ‘நான் அவ்வளவு தூரம் போகவில்லை, அடுத்த ஊர் மட்டும்தான்’ என்றான் இளைஞன். ‘முன்னுக்குப் போனால் போதும்’ என்றான் தவநேசன். ‘பெல்ட்டைப் போடுங்கள்.’ பெல்ட்டை இழுத்தான், கொளுவியில் அது விழவில்லை, மறுபடியும் குத்தினான், அப்போதும் விழவில்லை. இளைஞன் எட்டி வாங்கித் தானே அதைக் கொளுவிவிட்டான். அவனுடைய முகத்தில் கோபம் போயிருந்தது. ‘யாராவது இறந்துவிட்டார்களா?’ என்று கேட்டான்.

‘இல்லை’ என்றான் தவநேசன். ‘இருக்கிறார். கொஞ்சம் வேகமாகப் போவீர்களா?’